எட்வினின் தோள் அளவு

கச்சேரி ரோட்டிலிருந்து பள்ளிவாசலுக்குத் திரும்பும் சந்தில் நாலாவது வீடு. அதன் முன்னறையில் சகினா பீ ஜாக்கெட் தைத்தாள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. மயிலாப்பூரில் அவளிடம் தைத்துக்கொண்ட பெண்கள் எல்லாரும் ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வந்தவர்கள்தான்.

அறையின் சுவர்களில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு பழைய ஜாக்கெட். எல்லாம் அளவு ஜாக்கெட்டுகள். எது தன் உடம்பில் பிடிக்காமலும் தொளதொளக்காமலும் உட்காருகிறதோ, அதை ஒரு பெண் தையற்காரியிடமே விட்டுவைப்பாள். அதன் பிறகு ஆள் வர வேண்டியதில்லை, துணி வந்தால் போதும். விட்டுவைத்ததை யாரும் லேசில் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால், உடம்பு மாறிவிட்டது, அல்லது தையற்காரி மேல் கோபம், அல்லது ஊரை விட்டே போகிறார்கள் என்று அர்த்தம்.

ஜன்னலை ஒட்டிய ஆணியில் தொங்கிய பாசிப்பச்சை ஜாக்கெட் அபயாம்பாளுடையது. ஒன்பது வருஷமாக அங்கேயே தொங்கி, வெயில் படும் தோள் பக்கம் மட்டும் வெளுத்திருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் சகினாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவளுடைய அப்பா நூர் முஹம்மது நல்ல தையற்காரர். ஆனால் பெண் பிள்ளையை மிஷினில் உட்கார வைக்க மாட்டார். அவர் கடைக்குப் போனதும் சகினா வீட்டிலிருக்கும் பழைய ரவிக்கைகளைத் தையல் தையலாகப் பிரிப்பாள். பிரித்த துண்டுகளைத் தரையில் பரப்பி, உடம்பில் வளைந்து நிற்பது தரையில் எப்படித் தட்டையாகக் கிடக்கிறது என்று பார்ப்பாள். பிறகு யாருக்கும் தெரியாமல் கையாலேயே மூட்டி வைப்பாள். பதினான்கு வயதில் அவள் முழுசாகத் தைத்த முதல் ஜாக்கெட்டை அப்பா உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "கைக்குழி கால் இஞ்ச் ஆழம்" என்றார். அதற்கப்புறம் அவள் கையில் கால் இஞ்ச் பிசகியதில்லை.

பதினெட்டு வயதில் பக்கத்து வீட்டுத் தோழி தஹ்சீனுக்கு நிக்காஹ் உடுப்பு தைத்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கழுத்து சரியாக உட்காரவில்லை என்று மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். முதல் தடவையே சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. கல்யாணம் கழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. மறு வருஷம் சகினாவையும் வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தார்கள். பதினோரு மாசத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் ஹபீபுர் ரஹ்மான் வீட்டின் முன்னறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அண்ணி ஜைதூன் பீ பொல்லாதவள் இல்லை. மத்தியானம் ஒன்றரைக்குப் படுத்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பாள்.

அபயாம்பாள் தேனாம்பேட்டையில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டு. இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் பின்போர்ஷனில் அம்மாவோடு இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஊரே அதை விட்டுவிட்ட வயசு. முதல் நாள் சகினா அவளை மாமி என்று கூப்பிட்டதும் சுருக்கென்று திரும்பினாள்.

"மாமியா? மாமாவே இல்லாம நான் யாருக்கு மாமி?"

"அப்போ அக்கா."

"அது தேவலை."

தொண்ணூற்று நாலு ஆனியில் அபயாம்பாளின் அம்மா போய்விட்டாள். அளவு ஜாக்கெட் ஆணியிலேயே இருக்க, சகினா ஒரு தடவை டேப்பை எடுத்து நேராகவே அளந்தாள். மார்பளவு முப்பத்தாறிலிருந்து முப்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. தோள் மட்டும் அதே பதினாலு. எலும்பு மெலியாது. டேப் தோளில் இருக்கும்போதே அபயாம்பாள் சொன்னாள்:

"வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டப் போறாளாம், சகினா. எங்கண்ணா ஸ்ரீவத்சன் பூனாவுக்கு வந்துடுங்கறான். அவன் ஆம்படையா வேலைக்குப் போறா, குழந்தேளைப் பாத்துக்க ஆள் வேணும். தை பொறந்தா கிளம்பணும்."

சகினா டேப்பைச் சுருட்டினாள். "பூனால குளிரும்பாங்களே" என்றாள்.

ஆகஸ்டு மாசம், ஒரு சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. கொக்கி வைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுக்காக அபயாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு புத்தகம். பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போலப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தது. லஸ் முனை பிளாட்பாரத்தில் வாங்கியது என்றாள். படித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அம்மா போன பிறகு அவள் சிரித்துச் சகினா பார்த்ததில்லை.

"இன்னாக்கா, தனியா சிரிச்சிக்கினு கீறே?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்மாஞ் சிரிப்பு? சொன்னா நானும் சிரிப்பேன் இல்ல?"

"இங்கிலீஷ் கதைடி. அசட்டுக் கதை."

"நானும் அசடுதான். சொல்லு."

அபயாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். "சமுத்திரக்கரையில ஒரு ஊர். கிளாரான்னு ஒருத்தி. தரகர் பண்ணின குளறுபடியில ஒரே ரூமை ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுடறான். கிளாராவுக்கும் இன்னொரு…" ஒரு மூச்சு நிறுத்தினாள். "எட்வின்னு ஒருத்தனுக்கும்."

அந்த ஒரு மூச்சைச் சகினா அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரே ரூம்ல ஆம்பளையும் பொம்பளையுமா? வூட்டுக்காரி ஒண்ணும் சொல்லலியா?"

"நடுவுல திரை கட்டிண்டா."

"அக்கம்பக்கம்?"

"வெள்ளைக்காரா ஊர்டி அது."

"வெள்ளைக்காரனுக்கும் வாயி கீது இல்ல?"

"கதை கேக்கறியா, வக்கீல் வேலை பாக்கறியா?"

வீட்டுக்காரியிடம் ஒரு கிளி இருந்தது. அதற்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: கதவைச் சாத்து. கிளாராவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள மெழுகு போட்டு மீசை முறுக்கிய ஒரு பாங்கு மானேஜர் நடையாய் நடந்துகொண்டிருந்தான். ஒரு நாள் பூங்கொத்தும் கையுமாக வாசலில் நின்று, மனப்பாடம் பண்ணி வந்ததை ஆரம்பித்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து கிளி, "கதவைச் சாத்து!" என்றது.

"சாத்தினானா?"

"மரியாதைக்காரனோன்னோ, சாத்தினான். வெளியில நின்னுண்டே சாத்தினான்."

சகினாவின் கை கொக்கியில் நின்றுபோயிற்று. சிரித்த சிரிப்பில் கொக்கி ஊசி எங்கேயோ விழுந்து, இரண்டு பேரும் தரையில் தடவித் தேடினார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு அபயாம்பாள் வந்தாள். தைக்கத் துணி இருந்தாலும் வந்தாள், இல்லாவிட்டாலும் வந்தாள். பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்த இடத்தைத் திறந்து, மனசுக்குள் ஒரு பக்கம் படித்துவிட்டு, தமிழில் சொல்வாள். மிஷின் சத்தத்தில் கதை கேட்காது என்று சகினா சனிக்கிழமை மத்தியானத்துக்குக் கைவேலையாகப் பார்த்து ஒதுக்கி வைத்தாள். புடவை ஓரம் அடிப்பது, கொக்கி, காஜா. வாரத்தின் மற்ற நாட்களில் மிஷினை மிதிக்கும்போது பாங்கு மானேஜர் நினைவு வந்துவிடும்.

"தனியா தனியா சிரிக்கிறியே, ஜின், பிசாசு ஏதும் பிடிச்சிருச்சா?" என்று ஜைதூன் பீ உள்ளேயிருந்து உருதுவில் கேட்பாள்.

"பிடிச்சிருச்சு பாபி. நல்ல ஜின்."

ஐப்பசி மழையில் கோட்டு அத்தியாயம் வந்தது. பாங்கு மானேஜரின் அம்மா கொடுக்கும் விருந்துக்கு எட்வினும் போயாக வேண்டும். அவன் பெட்டி ரயிலில் தவறிப் போய்விட்டது. கிளாரா தன் நீலக் கோட்டைப் போட்டு விடுகிறாள். விருந்தில் எட்வினைப் பெண்கள் வரிசையில் உட்கார்த்துகிறார்கள். கடைசியில் அந்தக் கோட்டோடு எட்வினும், பின்னாலேயே மானேஜருடைய அம்மாவின் நாயும் குளத்தில் விழுகிறார்கள். நாயை மட்டும்தான் எல்லாரும் காப்பாற்றுகிறார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்ததும் சகினாவுக்குத் தொழில் புத்தி வந்தது.

"பொம்பளை கோட்டு ஆம்பளைக்கு எப்டிக்கா சேரும்?"

"சேர்ந்துது. இடுப்பு கச்சிதம். மார்ல பித்தான் போட முடியாம கொஞ்சம் பிடிச்சுது. தோள் மட்டும் அரை இஞ்ச் கீழ இறங்கித்து."

"அரை இஞ்சா? புக்குல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு" என்று அபயாம்பாள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அந்த கிளாரா இன்னா சைசு?"

"என் சைஸுன்னு வெச்சுக்கோயேன்."

அன்றைக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமலே அபயாம்பாள் சீக்கிரம் கிளம்பிவிட்டாள்.

கணக்கு சரியாக வராத துணியைச் சகினாவால் மடித்து வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பழைய செய்தித்தாளை வெட்டுப் பலகையில் விரித்தாள். அபயாம்பாளின் தோள் பதினாலு; கிளாராவின் கோட்டும் அதே அளவுக்குத் தைத்தது. போட்டுக்கொண்டவனுக்குத் தோள் இறங்கியது என்றால் அவன் தோள் கோட்டை விடச் சின்னது: பதிமூன்றரை. ஆனால் மாரில் பிடிக்கிறது. முப்பத்து நாலு போதவில்லை என்றால் முப்பத்தாறு. இடுப்பு கச்சிதம் என்றால் அபயாம்பாளுடைய அதே இருபத்தொன்பது. தோள் சின்னது, மார் பெரிது, இடுப்பு ஒடுக்கம். எந்த ஆம்பளை இப்படி இருப்பான்?

பென்சிலால் கோடு போட்டாள். மாரிலிருந்து இடுப்புக்கு இறங்கும்போது ஏழு இஞ்ச் அதிகம் நின்றது. அதை உள்ளே வாங்க வேண்டுமென்றால் ஒரே வழி, மார் பக்கம் இரண்டு பிடிப்பு வைப்பது. வைத்தாள். கத்தரியால் வெட்டி எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

பெண் உடம்பு.

அதைத் திரும்பப் பலகையில் பரப்பினாள். அப்புறம் ஒன்று ஒன்றாக அவளுக்கு விளங்கியது. வீட்டுக்காரி ஏன் வாய் திறக்கவில்லை. மானேஜர் ஏன் ஒரு நாள் கூட எட்வின் மேல் சந்தேகப்படவில்லை. விருந்தில் எட்வினை ஏன் பெண்கள் வரிசையில் உட்கார்த்தினார்கள். ஆள் பெண் என்று வைத்துக்கொண்டு கதையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. முன்னைவிடச் சிரிப்பும் வந்தது. திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு தூக்கம் வராமல் கிளியைச் சாக்கிட்டுப் பேசிக்கொண்டே இருக்கும் இரண்டு பெண்கள். கிளாரா அவளைத்தான் காதலிக்கிறாள். அவளும் கிளாராவைத்தான்.

இப்படியும் புத்தகம் எழுதுகிறார்களா! அதுவும் சிரிக்கச் சிரிக்க!

அபயாம்பாள் கூச்சத்தில்தான் ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்று சகினா நினைத்தாள். அந்த நினைப்பு மார்கழி வரை நின்றது.

மார்கழி என்றால் மயிலாப்பூர் தையற்காரிகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. சபாக்களில் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் பட்டு ஜாக்கெட் அந்த வாரமே வேண்டும். இருந்தாலும் சனிக்கிழமை இரண்டு மணியை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை அபயாம்பாள் புத்தகத்தை வெட்டுப் பலகை மேல் வைத்துவிட்டுக் கைகழுவக் கொல்லைப்பக்கம் போனாள். பழுப்புக் காகிதத்தின் மடிப்பு ஒரு முனையில் விட்டிருந்தது. சகினா விரலால் அதை நிமிர்த்தினாள்.

அட்டையில் கொட்டும் மழை. ஒரே குடைக்குள் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். ஒருத்தி கையில் கிளிக்கூண்டு, இன்னொருத்தி மேல் நீலக் கோட்டு.

போட்ட கணக்கு சரியாக இருந்த சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி கண் கோட்டுக்குப் போயிற்று. நீலக் கோட்டுக்காரி நெட்டையாக, ஒல்லியாக இருந்தாள். கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. தோள் இறங்கவில்லை, இழுத்துப் பிடித்துத் தையல் தெறிக்கிற மாதிரி இருந்தது. மாரோ தொளதொள. அவளுக்குத் தோள் பதினைந்தாவது இருக்கும்.

அப்படியானால் அரை இஞ்ச் எங்கிருந்து வந்தது?

பதிமூன்றரை, முப்பத்தாறு, இருபத்தொன்பது. சகினா மடிப்பைப் பழையபடி செருகினாள். தனக்குத் தானே ஜாக்கெட் தைத்துக்கொள்ளும்போது அவள் அளவெடுப்பதில்லை. கை பழக்கத்தில் வெட்டிவிடுவாள். அதனால்தான் இவ்வளவு நாள் புரியவில்லை. அது சகினாவுடைய அளவு. மழை நாளில் அபயாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்தவளைப் பார்த்துச் சொன்ன அளவு.

கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. அபயாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எங்க விட்டேன்?" என்றாள்.

"கிளி தொலைஞ்சி பூட்ச்சி" என்றாள் சகினா. குரல் எப்படியோ சரியாக வந்தது.

அன்று முதல் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அபயாம்பாள் தன் வாயால் சொல்ல வேண்டும். எட்வின் ஆண் இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மற்றதையும் சொன்ன மாதிரி. தானாக எடுத்துக் கேட்கச் சகினாவுக்குத் தைரியமில்லை. கேட்டு, அபயாம்பாள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டால், இருக்கிற நாலு சனிக்கிழமையும் போய்விடும். ஒருத்தி வெட்டிய துணியை இன்னொருத்தி எடுத்து மூட்டக் கூடாது என்பது தொழிலில் ஒரு மரியாதை. அந்த மரியாதைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வழி மட்டும் விட்டுப் பார்த்தாள். "அந்த எட்வினுக்கு மீசை கீதாக்கா?"

"இல்லை."

"தாடி?"

"அதுவும் இல்லை. ஏன், பொண்ணு பாக்கப் போறியா?"

"பார்த்தா இன்னா?" என்றாள் சகினா.

அபயாம்பாள் சிரித்தாள். சிரித்துவிட்டு, பஸ் டிக்கெட்டை எடுத்து, அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கிளி கிடைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டு சனிக்கிழமை அப்படிப் போயிற்று. ஒரு தடவை, "சகினா, உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். ஊசி சகினாவின் விரலில் அப்படியே நின்றது. "எனக்கு அங்க போட்டுக்க ஆறு ஜாக்கெட் வேணும். வெள்ளை ரெண்டு, மத்தது உன் இஷ்டம்" என்று முடித்தாள்.

பொங்கல் வந்து போயிற்று. கடைசிச் சனிக்கிழமை. ஞாயிறு ரயில். அபயாம்பாள் வரும்போதே கதவருகில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறந்தாள். பக்கம் புரட்டாமல், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"எட்வினுக்கு அவன் அண்ணா கிட்டேருந்து லெட்டர் வரது. உடனே கிளம்பி வான்னு. என்ன பண்றது, கூடப்பொறந்தவன். கிளாரா ஸ்டேஷனுக்கு வரா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. ரயில் போயிடறது. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கிளி?"

"கிளியா?"

"கிளி இன்னா ஆச்சி?"

அபயாம்பாள் கிளியை யோசித்திருக்கவில்லை. "அது… அங்கேயே இருந்துது."

சகினா புத்தகத்தைப் பார்த்தாள். பஸ் டிக்கெட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் கால் இஞ்ச் காகிதம் இருந்தது. துணியை விரலால் தொட்டே கனம் சொல்கிறவளுக்கு அதைச் சொல்ல டேப் வேண்டாம். ஆறு மாசம் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த கதை இப்படி முடியாது. அட்டையில் ஓடுகிற இரண்டு பேரும் எங்கேயோ ஓடிச் சேருகிறார்கள். அந்தக் கால் இஞ்சில்தான் சேருகிறார்கள்.

"புக்குல இப்டித்தான் போட்டு கீதா?"

"இப்படித்தான் போட்டிருக்கு" என்று அபயாம்பாள் புத்தகத்தை மூடினாள்.

சகினா எழுந்தாள். ஆறு ஜாக்கெட்டும் இஸ்திரி போட்டு அடுக்கித் தயாராக இருந்தன. "உள்ளாற ஒரு இஞ்ச் துணி வுட்டு கீறேன்க்கா. சதை போட்டா பிரிச்சிக்கலாம்" என்றாள். பையை நீட்டினாள். காலையில் ரொம்ப நேரம் யோசித்து, மூன்றாவது ஜாக்கெட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவில் அந்தச் செய்தித்தாள் துண்டை எட்டாக மடித்து வைத்திருந்தாள். பூனாவில் பெட்டியைத் திறக்கும்போது பார்க்கட்டும். அங்கே தனியாக இருக்கும்போது பார்த்தால், கடிதத்திலாவது ஒரு வரி வரும்.

ஆனால் அபயாம்பாள் டைப்பிஸ்டு. எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் எடுத்துப் போன வழக்கமில்லை. ஒன்பது வருஷமாகச் சகினா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்; அன்றைக்கு மறந்துபோனாள். அபயாம்பாள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். மூன்றாவதற்குக் கீழே காகிதம் வந்தது. மடிப்பைப் பிரித்தாள். கையளவு விரிந்து, மடியளவு விரிந்து, தோளும் கழுத்தும் கைக்குழியும் மார்ப்பிடிப்புமாக முழுசாக விரிந்தது.

"யாரோட அளவு இது?"

சகினா, "எட்வினோடது" என்றாள்.

வெளியே சந்தில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். அபயாம்பாள் மார்ப்பிடிப்பின் மேல் பென்சில் கோட்டை விரலால் தொட்டாள். அந்த விரல் தோள் வரை போயிற்று. தோள் முனையில் சகினா உருது எண்ணில் எழுதியிருந்த பதிமூன்றரையில் நின்றது. அபயாம்பாளுக்கு உருது தெரியாது. ஆனால் தன் வாயால் சொன்ன அரை இஞ்ச் அது; எண் என்ன என்று தெரியாமல் இருக்க வழியில்லை. தலையைத் தூக்கிச் சகினாவின் தோளைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது, என்று சகினா நினைத்தாள். இப்போது சொல்லிவிடு.

அபயாம்பாள் காகிதத்தை மடித்தாள். அவசரப்படாமல், எந்த மடிப்பில் பிரித்தாளோ அதே மடிப்பில், எட்டாக மடித்தாள். வெட்டுப் பலகை மேல் வைத்து, பறந்துவிடாமல் கத்தரியை அதன் மேல் தூக்கி வைத்தாள்.

"பெட்டியில இடமில்லை, சகினா."

"சரிக்கா."

ஜாக்கெட்டுகளைத் திரும்பப் பையில் அடுக்கினாள். மேலே புத்தகத்தை வைத்தாள். எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"அந்த அளவு ஜாக்கெட்டையும் குடுத்துடு. அங்க ஒருத்திகிட்ட குடுக்கணுமே."

சகினா ஆணியிலிருந்து அதை எடுத்தாள். ஒன்பது வருஷத் தூசியை உதறினாள். வெளுத்த தோள் உள்பக்கம் போகும்படி மடித்தாள். கொடுக்கும்போது, "அவங்ககிட்ட சொல்லுக்கா, இதும்படியே வெட்டக் கூடாது. நீ இப்போ எளைச்சி கீறே. தோள் மட்டும்தான் இதுல சரி" என்றாள்.

"சொல்றேன்."

"மறந்துராதே."

"மாட்டேன்" என்றாள் அபயாம்பாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு சந்து திரும்பும் வரை செருப்புச் சத்தம் கேட்டது.

பூனாவிலிருந்து கடிதம் வரவில்லை. வரும் என்று சகினா எதிர்பார்த்தது மாசி வரைக்கும்தான். பங்குனியில் அபயாம்பாள் இருந்த வீட்டை இடித்தார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் தனித்தனியே கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தச் சந்து வழியாகத்தான் போனார்கள். செய்தித்தாள் துண்டை அவள் மிஷினுக்கு அடியில் போட்டுவிட்டாள். எண்ணெய் சொட்டிச் சொட்டி, முதலில் இடுப்பு, பிறகு மார்ப்பிடிப்பு கறுத்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கதையைத் தானே முடிக்கப் பார்த்தாள். ரயில் கிளம்புகிறது. பெட்டி மறுபடியும் தவறிப் போகிறது. அதனால் எட்வின் இறங்கியே ஆக வேண்டும். இல்லை, எட்வின் இல்லை. அந்தப் பெண்ணின் நிஜப் பேர் கூட அவளுக்குத் தெரியாது. பேர் தெரியாதவளை ரயிலிலிருந்து எப்படிக் கூப்பிட்டு இறக்குவது? வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் புத்தகத்தின் பேரும் தெரியாது. தெரிந்தாலும் அதைப் படித்துச் சொல் என்று யாரிடம் நீட்ட முடியும்? கிளியை மட்டும் கொண்டுவர முடிந்தது. பிளாட்பாரத்தில் கூண்டுக்குள் இருந்துகொண்டு அது, கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்றது. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கு மேல் கதை நகரவில்லை.

வைகாசியில் ஒரு மத்தியானம் ஜைதூன் பீ தூக்கத்திலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பல்லாம் சிரிக்கிறதே இல்லையே. ஜின் போயிருச்சா?"

சகினா மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"பூனாவுக்குப் போயிருச்சு பாபி."